நிலநடுக்கம் தின்னாத ஆடுகள்

நிலம் நடுங்கியபோது ஓமுர்சாக்கின் வீடு உட்கார்ந்துவிட்டது. ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. அவை சாகத் தொடங்கியது அதிகாரிகள் வர ஆரம்பித்த பிறகுதான்.

பாமிர் மேட்டில் அந்தப் பள்ளத்தாக்கில் மொத்தமே நான்கு வீடுகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரைநாள் நடை. பாறை சரிந்து பாதை அடைத்துக்கொண்டதில், வண்டி போகிற கடைசி வீடு ஓமுர்சாக்குடையது என்றாகிப்போனது. சேதம் பார்க்க எவன் வந்தாலும் இவன் வாசலில்தான் இறங்குவான். கிர்கிஸ்காரன் வாசலுக்கு வந்தவனை ஆடு அறுக்காமல் அனுப்பினால் அந்தப் பேச்சு ஏழு தலைமுறைக்கு நிற்கும்.

ஓமுர்சாக்குக்கு ஐம்பத்தாறு வயது. யாக் மாட்டோடு பேசுவான், மனிதர்களோடு உறுமுவான். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் அவனும் தலையைக் குனிந்துதான் ஆகவேண்டும்.

முதல் கூட்டம் நாடா பிடித்து அளந்தது. ஒரு ஆடு. முதல் கூட்டம் எழுதியது சரியா என்று பார்க்க இரண்டாவது வந்தது. இன்னொரு ஆடு. மூன்றாவது கூட்டம் விரிசலைப் படமெடுக்க வந்தது.

"சுவர் எங்கண்ணே?"

"அது மேலதான் நிக்கிறீங்க."

அதற்கும் ஒரு ஆடு. ஐந்தாவது கூட்டம் ஏப்பம் விட்டுப் போனபோது மிச்சம் ஏழு, ஏழும் பெட்டை. அதிலும் கை வைத்தால் அடுத்த வருடம் குட்டிக்கு எங்கே போவது?

அவனுக்கு வேண்டியது கூரைக்குப் பன்னிரண்டு மரம், அவ்வளவுதான். இவர்கள் அளந்து முடிப்பதற்குள் கல்லையும் மண்ணையும் வைத்துச் சுவரை அவனே எழுப்பிவிட்டான். மரத்துக்கு என்ன செய்வான்? அந்த மேட்டில் பல் குத்தக்கூடக் குச்சி கிடையாது, எல்லாம் ஓஷ் நகரத்திலிருந்து லாரியில் வரவேண்டும். மருமகளுக்கு நிறைமாதம். வீடு போனதிலிருந்து எல்லோரும் தங்கியிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் காலையில் வாளித் தண்ணீர் கல்லாகக் கிடந்தது.

ஆறாவது கூட்டத்தின் தலைவர் கண்ணாடி போட்ட பொறியாளர். படிவத்தை விரித்துக் கேட்டார்.

"நடுக்கத்துல எத்தனை ஆடு செத்துச்சு?"

"நடுக்கத்துல ஒண்ணுமில்ல. நடுக்கத்தைப் பாக்க வந்தவங்களால அஞ்சு."

அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

மனைவி சைராகுல் கண்ணைக் காட்டினாள். ஓமுர்சாக் ஒரு பெட்டையை இழுத்து வந்து நிறுத்தினான். அறுக்குமுன் விருந்தாளி வாழ்த்த வேண்டும். பொறியாளர் வாழ்த்துவதற்காக இரு கையையும் விரித்தார்.

"இருங்க, இப்ப வாழ்த்தாதீங்க" என்றான் ஓமுர்சாக். "மரம் வந்து இறங்கட்டும். இறங்கின அன்னைக்கே இதே இடத்துல இதை அறுக்கறேன். இன்னைக்கு ரொட்டியும் டீயும்தான்."

பொறியாளர் விரித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"எங்க அப்பன் வீட்டுல கேட்டா மூஞ்சிய எங்கய்யா வெக்கிறது?" என்று சைராகுல் அழுதாள். அப்புறம் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

பத்தாம் நாள் மரத்தோடு லாரி வந்தது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"ஏழாவதா ஒரு கூட்டம் வரணும்னுதான் இருந்துச்சாம்ணே. உங்க வீடுன்னதும் ஒருத்தனும் வண்டி ஏறல. 'ஆடு அறுக்காத வீட்டுக்கு எவன் போவான், மரத்தக் குடுத்துத் தொலைங்கடா'ன்னு ஆபீசுல பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டாரு."

சொன்ன சொல் சொன்னதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டையை அறுத்தான். ஓட்டுநர் வாழ்த்தி, வயிறாரத் தின்று, எலும்பையும் உறிஞ்சிவிட்டுப் போனான். அதன் பிறகுதான் ஓமுர்சாக் மரத்தை எண்ணினான். பத்து இருந்தது.

"எழுதிப் போடுய்யா, மிச்சம் ரெண்டையும் அனுப்புவாங்க" என்றாள் சைராகுல்.

"எழுதவா? ரெண்டு குறையுதா இல்லையான்னு பாக்க ஒரு கூட்டம் கிளம்பி வரும்டி!"

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். எழுப்பிய சுவரில் கடைசிப் பக்கத்தை இடித்து, வீட்டை இரண்டு மரத்தளவு குறுக்கிக் கட்ட ஆரம்பித்தான்.