கருகிய புது எலிமெண்ட்

மகள் முதல் பிரசவத்துக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தையும் பிறந்திருந்த சமயம், குளியலறைச் சுடுநீர்த் தொட்டி கெட்டுப்போனது. அதன் சுவிட்சைத் தட்டினால் வீடு முழுவதும் மின்சாரம் போய்விடும். அணைத்துவிட்டால் மற்றவை ஒழுங்காக ஓடும். பிள்ளை பெற்றவள் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று என் மனைவி பானை பானையாகக் காய்ச்சித் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஆளைக் கூப்பிடலாம் என்றார் மருமகன். முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு வராது. "நானே பாத்துக்கறேன்" என்றேன். தொழிற்சாலையில் இயந்திரங்களோடு இருந்தவன் என்று அவருக்கு என் மேல் மரியாதை உண்டு.

சனிக்கிழமை காலை மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, எலிமெண்ட்டைக் கழற்றினேன். தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் கம்பி வெள்ளையாகப் பூத்து நடுவில் வெடித்திருந்தது. கடைத்தெருவில் அதே அளவில் புதிது வாங்கி வந்து மாட்டினேன்.

அந்த வாரம் எங்கள் பக்கம் தண்ணீர் வெட்டு. கூரைத் தொட்டியில் இருந்ததை மிச்சம் பிடிக்க, சுடுநீர்த் தொட்டிக்குப் போகும் வால்வை நான்தான் அடைத்து வைத்திருந்தேன். அதைத் திறந்து, சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை விட்டு, அதன் பிறகே சுவிட்ச் போட வேண்டும். எனக்குத் தெரியாததல்ல.

மகள் தலையில் எண்ணெயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, இன்னும் எவ்ளோ நேரம்?"

"அஞ்சு நிமிஷம்மா" என்று சுவிட்சைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. மின்சாரமும் போனது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். வால்வு அடைத்தபடியே இருந்தது.

"என்ன மாமா ஆச்சு?" மருமகன் கீழே நின்று கேட்டார்.

"மட்டமான சாமானக் கொடுத்துட்டான் கடைக்காரன்" என்றேன். சொல்லிக்கொண்டே வால்வைத் திறந்துவிட்டேன்.

மருமகன் விடவில்லை. கழற்றிய எலிமெண்ட்டோடு என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். "பாஸ், வயசானவரு வந்தா எதையாச்சும் தள்ளிவிட்டுருவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கடைக்காரர் கம்பியைத் திருப்பிப் பார்த்தார். அது நீலமும் கறுப்புமாக உப்பியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணி நெறஞ்சப்புறந்தானே அண்ணே சுவிட்ச் போட்டீங்க?"

"ஆமா" என்றேன்.

"சரி லா, வேற கொண்டு போங்க."

அதை மாட்டும்போது வால்வை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். மகள் குளித்துவிட்டு, நல்ல சூடு அப்பா என்றாள். அதற்குள் மருமகன் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள் என்று எழுதியிருந்தார். நன்றி சொல்லிக் கட்டைவிரல் குறிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். ஆட்கள் போகும்வரை பல்புகளைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

"தண்ணி இல்லாமலே போட்டுட்டேன் தம்பி."

"தெரியும் அண்ணே. பாத்தாலே தெரியாதா? மருமவன் முன்னால எதுக்குன்னு விட்டேன்." பில் புத்தகத்தை நகர்த்தி வைத்தார். "ஆனா குரூப்புல போட்டுட்டாங்களாம். நேத்துலேருந்து நாலு பேரு கேட்டுட்டாங்க."

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அதே குழுவுக்கு எழுதினேன். தவறு என்னுடையது, தண்ணீர் நிரப்பாமல் சுவிட்ச் போட்டேன், கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. இரண்டு பேருந்துகளை விட்டபிறகுதான் அனுப்பினேன்.

அன்று மாலை மருமகன் வந்ததும், "மாமா, சாப்டீங்களா?" என்று எப்போதும்போல் கேட்டார். தன் பழைய செய்தியை மட்டும் அழித்திருந்தார். இப்போது நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால், அவர் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறார். உதவிக்கு என்றுதான் சொல்கிறார்.