உரிக்காத நீலத் தாள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. கடையிலிருந்து வந்த அன்று ஒட்டியிருந்த அதே தாள். ஓரமெல்லாம் சுருண்டு, கைப்பிடிப் பக்கம் பழுப்பேறி, பார்க்கச் சகிக்காது. ஆனாலும் அதில் கை வைக்க எனக்கு உரிமையில்லை. வாஷிங் மெஷின் பொத்தான்களும் அப்படித்தான், டிவி ரிமோட்டும் அப்படித்தான். எங்கள் தெருவில் கார் வாங்கியவர் சீட்டின் பாலித்தீன் உறையைக் கழற்றாமல் அடுத்த பொங்கல் வரை சரசரவென்று உட்கார்ந்து போய்வந்தார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். பொருளின் புதுசு போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் என் மனைவி மற்றவர்களைவிட ஒரு படி மேல். அவள் குவைத்தில் நர்ஸ். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் வீட்டில் நான் மட்டும். மனைவி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவாள். வந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜ் கதவைத்தான் பார்ப்பாள். தாள் இருந்தால் நான் ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறேன் என்று அர்த்தம்.

போன முறை அவளுக்கு ஆடியில் லீவு கிடைத்தது. எனக்கு அது ரொம்ப வசதி. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். திருப்பனந்தாள் பக்கம் கல்யாணம் என்றாலும், கூத்தாநல்லூர் பக்கம் நிக்காஹ் என்றாலும், எடுத்ததெல்லாம் கடைசியில் என் வாசல் அறைக்குத்தான் வந்து சேரும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே வேலையும் கிடையாது. பின்பக்கம் இருக்கிற கொஞ்ச நிலத்தில் குறுவை நெல் பச்சைப்பசேல் என்று நின்றது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். பக்கத்தில் மனைவி. வேறென்ன வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். லீவில் வந்தவளிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று பிறகுதான் உறைத்தது.

அந்த மாதம் முழுக்க நான் கேமராவும் கையுமாக இருந்தேன். அவள் கரையில் உட்கார்ந்து காலை நனைத்தது, ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டது, வரப்பில் நடக்க மறந்து தடுமாறியது, கத்தரிக்காய் வாடிக் கிடக்கிறது என்று காய்கறிக்காரரிடம் சண்டை போட்டது, எல்லாவற்றையும் எடுத்தேன்.

"கல்யாணப் பொண்ணா நான், இப்படி வளைச்சு வளைச்சு எடுக்கறீங்க?"

"நம்ம கல்யாணத்துல எடுத்தவன் உன்னைய விட்டுட்டு பந்தியத்தான எடுத்துருக்கான். அதுக்கும் சேத்துத்தான்."

அந்த மாதத்தில்தான் புதிய கம்ப்யூட்டரும் வந்தது. பழையது பாவம், உழைத்து ஓய்ந்துவிட்டது. உதிரிகளாக வாங்கிவந்து கூடத்தில் பாய் விரித்து நாங்களே பூட்டினோம். பெரிய திருகாணிகள் எனக்கு, சின்னச் சின்ன சாமான்கள் அவளுக்கு. ஊசி போட்டுப் பழகிய கை, நடுங்காது. எஸ்.எஸ்.டி. என்கிற அந்தச் சேமிப்புப் பொருள் ஐஸ் குச்சி அளவுதான் இருக்கும். அதை அவள்தான் மதர்போர்டில் சொருகினாள். வேலை செய்யும்போது அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள அதன் மேல் ஹீட் சிங்க் என்று ஓர் அலுமினியத் தகடு வரும். தகட்டின் அடியில் மெத்தென்று ஒரு பட்டை இருக்கும். அது எஸ்.எஸ்.டி.யோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு தகட்டுக்கு ஏறும். அதையும் அவளே வைத்து முடுக்கினாள். மூடியதும் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி இதையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் ஒன்றே ஒன்று கேட்டாள். "எடுத்ததெல்லாம் சேத்து ஒரே படமா அனுப்புங்க. துண்டு துண்டா வேணாம். அங்க ரூம்ல உக்காந்து முழுசா பாக்கணும்." இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வந்தன. புது கம்ப்யூட்டர் தொடக்கத்தில் குதிரையாகத்தான் ஓடும். கொஞ்ச நேரத்தில் மாடாகிவிடும். அப்புறம் படுத்தேவிடும். ஒவ்வொரு கல்யாணத்தையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நடுவில் ஆறவிட்டு, ஒப்பேற்றினேன். கடைக்காரரைத் திட்டினேன். மின்சாரத்தைத் திட்டினேன். ஆவணியிலும் இப்படிக் காய்கிறதே என்று வெயிலைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆளும் பொருளும் எனக்கு எப்போதும் கிடைத்துவிடும்.

புரட்டாசியில் மறுபடி முகூர்த்தம் இல்லை. அப்போதுதான் அவள் படத்தை எடுத்து உட்கார்ந்தேன். மொத்தத்தையும் கோத்து, ஒரே படமாக உருவாக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். பாதிகூடத் தாண்டாது. திரை அப்படியே உறைந்து நிற்கும். எஸ்.எஸ்.டி.க்குச் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டேன். அதன் சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், எண் ஏறிக்கொண்டே போகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீடியோ காலில் வருவாள். வந்ததும் நோயாளியை விசாரிப்பதுபோல் கேட்பாள்.

"இன்னைக்கு எவ்ளோ காய்ச்சல்?"

"எண்பதத் தாண்டிடுச்சு."

"ஈரத்துணி போட்டு ஒத்தடம் குடுங்க."

"நல்ல நர்சு. உன்கிட்ட வர்றவங்கள்லாம் பொழைக்கறாங்களா?"

சிரிப்பாள். சிரித்து முடித்து, "எப்பங்க அனுப்புவீங்க?" என்பாள். அந்தக் கேள்வியில் விளையாட்டு இருக்காது.

பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தேன். கொஞ்சம் கேட்டது. ஆனால் அதே வாரம் கொல்லைப்புறம் அறுவடை மெஷின் இறங்கிவிட்டது. குறுவை அறுப்பென்றால் வீடெல்லாம் தூசும் சுணையும்தான். ஃபேன் அத்தனையையும் வாரிக் கம்ப்யூட்டருக்குள் கொட்டியது. கொசுவலையை வெட்டி முன்னால் கட்டினேன். வலை அடைத்துக்கொண்டு காற்றே போகவில்லை. ஜன்னலைச் சாத்தினால் அறை வெந்தது. திறந்தால் தும்மல் பிடித்தது. ஆடியில் நாங்கள் நின்று பார்த்த பயிர் கண்ணெதிரே நெல்லாகி மூட்டையாகிப் போய்க்கொண்டிருந்தது. திரையில் மட்டும் அது இன்னும் பச்சையாக நின்றது, வரப்பில் அவளும் நின்றாள்.

கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிற நேரங்களில் எனக்கு வேறு வேலை இல்லை. அதைத் தட்டி எழுப்பி, எடுத்ததையெல்லாம் சும்மா ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளதைச் சொல்வதானால், அவளைப் பார்க்கத்தான் ஓட்டினேன். அப்படி அடிக்கடி பார்த்தது கம்ப்யூட்டரைப் பூட்டிய காட்சி. அதில் பெரும்பாலும் அவள் கைகள் மட்டும்தான் தெரியும். வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு வேலை செய்வாள். அந்தக் கைகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் போதவில்லை. ஊருக்கெல்லாம் கல்யாணம் வெட்டி ஒட்டுகிற நான், சொந்தப் பெண்டாட்டியின் கையைத் திரையில் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் தகட்டைத் தூக்கித் திருப்புகிற இடத்தில் அடியில் என்னவோ நீலமாக மின்னியது. நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். பெரிதாக்கினேன். மெத்துப் பட்டையின் மேல் ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாள். வைக்குமுன் உரிக்க வேண்டிய தாள். அவள் அதை உரிக்கவில்லை. விரலால் நீவி, சுருக்கம் எடுத்து, பத்திரமாக வைத்து மூடுகிறாள். பட்டைக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் நடுவில் அந்தத் தாள்தான் இத்தனை நாள் சூட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டு நேரம்வரை பொறுக்கவில்லை. செய்தி அனுப்பி அவளைக் கூப்பிட வைத்தேன்.

"ஏம்மா, அந்தத் தகட்டு அடியில நீலத் தாள் இருந்துதே, பாத்தியா?"

"பாத்தேனே. கொஞ்சம் சுருங்கிருந்துது, நீவி விட்டேன்."

"உரிக்க வேணாமா அத?"

"அத எதுக்குங்க உரிக்கணும்? புதுசாச்சே." சற்று நிறுத்தி, "நம்ம வூட்ல எதத்தான் உரிச்சுருக்கோம்?" என்றாள்.

ஒன்றரை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாம் வாய்வரை வந்து சிரிப்பாகப் போய்விட்டது. அவளும் சிரித்தாள். பக்கத்தில் யாரோ மலையாளத்தில் என்னவென்று கேட்டார்கள். அவளுக்கு விளக்கத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து, தூசியை ஊதி, தகட்டைக் கழற்றினேன். தாள் சூட்டில் பட்டையோடு இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பி மெல்ல உரித்தேன். அவள் நீவிய விரல்தடம் மங்கலாக அதில் இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு எஸ்.எஸ்.டி. சாதுவாகிவிட்டது. கதவை மூடி, ஃபேன் இல்லாமல் ஓட்டியும் எண் அறுபதைத் தாண்டவில்லை. படம் முழுசாக, ஒரே படமாக உருவாகி முடிந்தது. வந்திறங்கியதில் தொடங்கி, கிளம்புகிற காலையில் வாசலில் குனிந்து செருப்பு மாட்டுவதில் முடியும். அன்றைக்கே அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்றாள், நெல்லு எடுத்தாச்சா என்றாள், மகள் பேசினாளா என்றாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குச் சுருக்கென்றது. தூசியும் தும்மலுமாக உயிரை விட்டுச் செய்தவனுக்கு நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? பத்து நாள் பொறுத்து, கேட்டேவிட்டேன்.

"படம் பாத்தியா இல்லையா?"

"பாத்தேங்க. டெய்லி பாக்கறேன்."

"முழுசா?"

போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடைசில கொஞ்சம் பாக்கலைங்க. பெட்டிய கட்டறதுக்கு முந்தியே நிறுத்திடுவேன்."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முழுசா பாத்துட்டா கெளம்பிடுவேன்ல. இப்ப அதுல நான் ஊர்லதாங்க இருக்கேன்."