அத்தா ஓடிபி சொல்ல மறுத்த நாள்

பெற்ற தகப்பனே என்னைத் திருடன் என்று சொல்லிப் போனை வைத்தார். அந்த நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன், சகோதர சகோதரிகளே. அல்லாஹ்வின் சாந்தி உங்கள் எல்லோர் மீதும் உண்டாகட்டும். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் சலீம். வீடு இரும்புலியூரில். அம்மா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. அத்தாவுக்கு நான் ஒரே பிள்ளை. கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். போன வருடம் அந்த வேலையை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, எட்டு மாதம் நாடு நாடாகச் சுற்றக் கிளம்பினேன்.

நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் கஞ்சப் பிசினாரி. எனக்கு அதில் பெருமைதான். பாங்குக்கு ஒரு பைசா தண்டம் அழ மாட்டேன். வெளிநாட்டு ஏடிஎம் "ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா" என்று கேட்கும். உள்ளூர்ப் பணம் என்றுதான் அழுத்த வேண்டும். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு, அதனால் மாதத்துக்கு ஒரே தடவை மொத்தமாக எடுப்பேன். வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதலாகப் பிடிக்காத கார்டு ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். இரண்டாவது கார்டு வைத்துக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. அதற்கு வருடக் கட்டணம் உண்டே! வேண்டாம் என்றேன். ரோமிங் காசை மிச்சம் பிடிக்க என் சிம்மையும் கழற்றி அத்தாவின் பட்டன் போனில் போட்டேன். பாங்கிலிருந்து ஓடிபி வந்தால் அத்தா படித்துச் சொல்வார்.

கிளம்புகிற அன்று அவரிடம் கறாராகச் சொன்னேன். "அத்தா, நான் நெட் வழியா பேசுற செயலியிலிருந்து கூப்பிடுவேன். எந்த ஊர்ல இருந்தாலும் ஒரே நம்பர்தான் வரும். வேற நம்பர்ல எவன் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க. என் குரல்லயே கேட்டாலும் சொல்லாதீங்க."

கீழ்க்கட்டளையில் ஒருவர் மகன் குரலில் வந்த போனை நம்பி ஏமாந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் அதைச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். "அல்லாஹ் மேல ஆணையா எந்தத் திருட்டுப் பயலுக்கும் சொல்ல மாட்டேன், போதுமா?" என்றார் அத்தா. பிறகு, "தொழுகைய விட்டுடாதடா" என்றார்.

விட்டுவிட்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? முதல் மாதம் தொழுதேன், இரண்டாவது மாதம் ஜும்ஆ மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. இத்தனை மலையையும் ஆற்றையும் பார்த்து மாஷா அல்லாஹ் என்கிறேனே, போதாதா என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். கட்டணக் கணக்கு மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

செப்டம்பரில் கிர்கிஸ்தானில் இருந்தேன். ஒரு பெரிய ஏரியின் கரையோரமாக மினி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். பையைச் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கித் தண்ணீர்ப் பக்கம் நடந்தேன். அக்கரையில் பனிமலை அடிவாரமே தெரியாமல் மூட்டத்துக்கு மேலே நின்றது. அலை சத்தமில்லாமல் வந்து காலடியில் கரைந்தது. ஊர் ஞாபகமோ என்னவோ, எங்கிருந்தோ தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு காதில் விழுகிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, தெரியாது. திரும்பிப் பார்த்தால் பஸ் இல்லை.

பையில் போன், கார்டு, முந்தின நாள் மொத்தமாக எடுத்த ஒரு மாதத்துப் பணம், எல்லாம் போயிற்று. சட்டைப் பையில் பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. விசா முடிய நான்கு நாள். அதற்குள் தலைநகருக்குப் போய், டிக்கெட் எடுத்து, நாட்டை விட்டு வெளியேற வேண்டும். தவறினால் அபராதம் கட்ட வேண்டும். கட்டவும் காசு இல்லை. போலீசில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பஸ் கிடைக்கவில்லை.

வண்டி நின்ற அந்த ஊர் விடுதியில் பிஜு என்று ஒரு மலையாளி இருந்தான். நல்லவன். சோறு வாங்கிக் கொடுத்தான், பேசப் போன் கொடுத்தான். "என் கையில இருக்கிறது எனக்கு ஊர் போகிற காசு. நீ நம்ம நாட்டுல இருக்கிற என் அக்கவுண்டுக்கு அனுப்பு, அந்த நிமிஷம் இங்க எண்ணித் தரேன்" என்றான். நியாயம்தானே? ஆனால் அவன் போனிலிருந்து என் பாங்கு கணக்கில் நுழைய ஓடிபி வேண்டும். என் செயலிக்குள் நுழையவும் ஓடிபி. நண்பன் ஒருவனை இணையத்தில் தேடிப் பிடித்துப் பிஜு பெயரில் செய்தி அனுப்பிப் பார்த்தோம். தெரியாத ஆள் என்று அவன் திறக்கவே இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். அது என் சொந்த எண், இரும்புலியூரில் அத்தாவின் போனில் இருந்தது.

கூப்பிட்டேன். பனிக்காற்றில் தொண்டை கட்டியிருந்தது.

"அத்தா, நான்தான். பை போயிடுச்சு. ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

"யாருப்பா நீ? இன்னா நம்பர் இது?"

"சலீம் அத்தா!"

"எம்புள்ள மாதிரியே பேசுறியே! வெக்கமா இல்ல? திருட்டுப் பயலே, போன வைடா."

மறுநாளும் கூப்பிட்டேன். அம்மா பெயரைச் சொன்னேன். "அது ரேஷன் கார்டுலயே கீது" என்றார். நான் பிறந்த தேதியைச் சொன்னேன். "ஆதார்ல பார்த்தியா?" என்றார். கட்!

பிஜுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் அத்தா பயங்கர உஷார், கேட்டியா" என்றான். எனக்கு அழுகை வந்தது. ஐயோ, நான் சொல்லிக் கொடுத்த பாடம் எனக்கே வினையாக வந்து நின்றது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் குரல் என் அத்தாவுக்குத் தெரியவில்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மாலை, அஸர் தொழுகை நேரம். கால் போன போக்கில் நடந்தேன். பாப்ளார் மரங்கள் இரண்டு பக்கமும் மஞ்சள் இலையாக உதிர்த்துக்கொண்டிருந்தன. தெருக்கோடியில் மரத்தாலான ஒரு சின்னப் பள்ளிவாசல். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டது. அந்தப் பரதேசத்துத் தெருவில் எனக்குப் புரிந்த ஒரே குரல் அது. முகம் கை கால் கழுவி ஒளு செய்தேன், தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. தொழுது முடித்துக் கையேந்தினேன். பல வருடமாக ஓதாத பயண துஆ, வண்டி ஏறும்போது ஓதுகிற அந்த வேண்டுதல், தானாக நாக்கில் வந்தது. சின்ன வயதில் தினமும் காலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும்போது அத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த துஆ அது. ஓதி முடித்து அழுதேன். "யா அல்லாஹ், பணம்கூட வேண்டாம். நான்தான் என்று என் அத்தாவுக்குத் தெரிந்தால் போதும்."

மனசு பஞ்சு மாதிரி ஆயிற்று. விடுதிக்கு வந்து போனை வாங்கிக் கூப்பிட்டேன்.

"அத்தா, வெச்சுடாதீங்க. ஓடிபி வேணாம். ஒண்ணுமே வேணாம். எனக்காக துஆ மட்டும் செய்யுங்க."

 அத்தா வீட்டு வாசலில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தா, "பயண துஆவ ஓது" என்றார்.

ஓதினேன். இரண்டாவது வரியின் நடுவில், நிறுத்தக் கூடாத இடத்தில், எப்போதும் போல எனக்கு மூச்சு அறுந்தது.

அத்தாவின் குரல் உடைந்தது. "ஸ்பீடு பிரேக்கர் வந்துடுச்சாடா?"

எங்கள் தெரு முனையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. தினமும் சரியாக அந்த வார்த்தையில்தான் ஸ்கூட்டர் தூக்கிப் போடும். அந்த இடத்தில் மூச்சு விட்டு விட்டே எனக்குப் பழகிப்போனது. இந்த துனியாவில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கார்டிலும் அது எழுதியிருக்கவில்லை.

அப்புறம் பிஜு போனிலிருந்து ஓடிபி அனுப்ப வைத்தேன். அத்தா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாக, அழுதுகொண்டே படித்தார். பிஜு பணத்தை எண்ணிக் கொடுத்தான். விசா முடிய ஒரு நாள் இருக்கும்போது விமானம் ஏறினேன். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது இரண்டு கார்டு வைத்திருக்கிறேன், இரண்டு பையில். வருடக் கட்டணம் போனால் போகிறது! அத்தாவின் நம்பர் மனப்பாடம். ஐந்து வேளைத் தொழுகை, எந்த ஊரில் இருந்தாலும்.

வீட்டுக்கு வந்த அன்று அத்தாவிடம் கேட்டேன். "நான் அத சரியா ஓதியிருந்தா நம்பியிருக்க மாட்டீங்கல்ல?"

"போடா. துஆ செய்யுங்கன்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. திருட்டுப் பய ஓடிபி கேப்பான், துஆ கேப்பானா?"

"அப்புறம் ஏன் ஓதச் சொன்னீங்க?"

"மூணு நாளா உன்னைத் திட்டித் திட்டி வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் உன் குரல கேக்கணும் போல இருந்துச்சு."

சகோதரர்களே, வழி அடைபட்டுப்போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மற்றதையெல்லாம் கேட்பதற்கு முன்னால் துஆவைக் கேளுங்கள். எங்கே மூச்சு அறுந்தாலும் பரவாயில்லை, ஓதுங்கள். நம் குரலை அறிந்தவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.