கை பொறுக்கும் சூடு

இங்கிலாந்தில் வேலை பார்த்த என் மகன் அங்கிருந்து வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது, பெட்டியை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டேன். போகும்போது நான் வாங்கிக் கொடுத்த பச்சைத் தகரப்பெட்டி. அதைத் தூக்கிவந்த ஆளுக்குக் கன்னம் ஒட்டிப்போய், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், சாரல் தொடங்கியிருந்த நேரம்.

"என்னலே, இப்படி வந்து நிக்க?" என்றேன்.

"வயிறு சரியில்லப்பா. வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன்."

எங்கள் வீடு குற்றாலத்தில். நான் தென்காசியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வீட்டுக்கு வந்தவன், அவன் அம்மா வைத்த இட்லியில் ஒன்றை மட்டும் தின்றுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒரு வருஷமாகவே வயிற்றுப்போக்கு. சில நாள் ரத்தமும் சளியும் போகும். அங்கே ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததில் கொக்கிப்புழு இருந்திருக்கிறது. மருந்து கொடுத்தார்கள், புழு ஒழிந்தது, ஆனால் வயிறு கேட்கவில்லை. மேலும் பார்த்துவிட்டு, பெருங்குடல் பூராவும் புண் என்றார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, மலம் இறங்க ஒரு பை கட்டிவிடுவார்களாம். ஆகஸ்டில் ஆப்பரேஷன். அதற்குமுன் பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வா என்று அந்த டாக்டரே லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"எத்தனை நாளைக்குப் பை?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆயுசு பூரா."

அவள் அடுக்களைக்குள் போய், உடனே திரும்பி வந்தாள். "இங்க ஒரு டாக்டர்ட்ட காட்டாம எவனும் எம்பிள்ளை வயித்துல கத்தி வைக்கக்கூடாது, ஆமா" என்றாள். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம் முதலில் வரும்.

தென்காசியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த டாக்டர் ஒருவர் சொந்தமாக மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். மகன் கொண்டுவந்த காகிதங்களை எல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டு, "இந்த மலப் பரிசோதனையை எங்க வச்சு செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரில குடுத்தேன். அங்கயிருந்து வேன்ல வேற ஊரு லேபுக்குப் போவும்."

"எப்பம் பாப்பாங்க?"

"மறுநாள் இருக்கும் சார்."

டாக்டர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்பம் முட்டைதாம்டே தெரியும். கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு இருக்கு, நாள் கணக்கா கெடாது. இதே மாதிரி குடலைப் புண்ணாக்குத சீதபேதிக் கிருமி ஒண்ணு உண்டு, அமீபா. அது அப்படியில்ல. வெளிய வந்து சூடு ஆறுச்சுன்னா அசைய மாட்டான், அப்புறம் செத்து உருத்தெரியாம போயிருவான். அதும் அந்தக் குளுருக்கு! ஒண்ணு அகப்பட்டதும் அவங்க தேடுறத நிறுத்திட்டாங்க. பட்டாளத்துல நம்ம பயலுவள எத்தனை பேரப் பாத்திருக்கேன். ஒருத்தன் வயித்துல ஒரே சாதிப் பூச்சி மட்டும் இருந்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும்."

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். "அப்பம் ஆப்பரேஷன்?"

"சார்வாள், அவசரப்படாதிய. அமீபா இருந்தா ஊசிலயே தீந்துரும். இல்லேன்னா அவங்க சொன்னதுதான். அவன உயிரோட அசையும்போதே பாக்கணும், எனக்குச் சூடா ஒண்ணு வேணும்."

அங்கேதான் சிக்கல். டாக்டர் வீட்டுப் பின்கட்டில் ஒரு கக்கூஸ். அதன் தகரக் கதவுக்கு வெளியே நோயாளிகள் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை மகனைக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன். சுடுதண்ணீர் கொடுத்தேன். ஒரு வருஷமாக அவனை ஓட ஓட விரட்டிய வயிறு, சாது மாதிரி இருந்தது. அங்கே மருந்து கலக்கும் கம்பவுண்டர் என் மகனோடு படித்தவன். "ஏலே, லண்டன் வயிறுல்லா! நாற்காலிக் கக்கூஸ் போட்டாத்தான் இறங்கும் போல" என்று அவன் வேறு கேலி செய்ததில், வரவிருந்ததும் நின்றுவிட்டது. குற்றாலத்துக்குத் திரும்பி வாசற்படி ஏறியதும் பையன் ஓடினான்.

டாக்டர் சிரித்துவிட்டு, வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். "வீட்டுலயே எடுத்து, அரை மணிக்குள்ள இங்க கொண்டாங்க. கை பொறுக்குத சூட்டுத் தண்ணிக்குள்ள வச்சுக் கொண்டாரணும். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது."

மறுநாள் காலை எட்டரைக்கு, மகன் உள்ளேயிருந்து, "அப்பா!" என்று கத்தினான்.

மனைவி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். அடுப்பில் வெந்நீர். தேய்த்துத் துடைத்த பித்தளைத் தூக்குச்சட்டி. முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, மூடி இறுக்கிய புட்டியை உள்ளே இறக்கி, தூக்குச்சட்டியை மூடி, மேலே பழைய கம்பளித் துணியைச் சுற்றினாள். "ஓடுங்க. வழியில யார்ட்டயும் பேசிட்டு நிக்காதிய" என்றாள். குடையை மறந்துவிட்டு ஓடினேன்.

சீசன் கூட்டம். தென்காசி பஸ்ஸில் தலைகாய்ந்தவர்களும் காயாதவர்களுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். எப்படியோ ஏறிவிட்டேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பவில்லை. கண்டக்டர் வெளியே நின்று இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அடடே, சார்வாள்! எங்க போறிய?"

சன்னலோரத்தில் சுரண்டை ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் மகன் என்னிடம் படித்தவன். அருவியில் குளித்துவிட்டு, உச்சி முதல் கால் வரை எண்ணெய் வாசனையோடு உட்கார்ந்திருந்தார்.

"தென்காசிக்கு. டாக்டர் வீட்டுக்கு" என்றேன்.

"டாக்டருக்குப் பலகாரமா? கூட்டத்துல சிந்திரும், இங்கன குடுங்க." நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் எட்டிப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நிற்பவர் சாமானை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பஸ்களில் வழக்கம். மறுத்தால் தப்பாக நினைப்பார்கள்.

"நல்லா சூடா இருக்கே சார்வாள்! இந்தச் சாரலுக்கு மடிக்கு என்ன சுகமா இருக்கு தெரியுமா! என்னது, பாயாசமா?"

"இல்ல. அது... சூடா கொண்டு போயிச் சேக்கணும் அண்ணாச்சி. ஆறிச்சின்னா வீணாப் போயிரும்."

"அல்வாவா?"

நான் முகத்தைத் துடைத்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். உடனே தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, "ஏய் கண்டக்டர்! சார்வாள் சூடா பலகாரம் கொண்டு போறாரு, ஆறுதுய்யா! வண்டிய எடுக்கச் சொல்லும்வே!" என்று ஒரு சத்தம் போட்டார். பின்சீட்டிலிருந்தும் இரண்டு பேர், "எடுங்கய்யா, சார் பலகாரம் ஆறுதுல்லா" என்று சேர்ந்துகொண்டார்கள். வண்டி கிளம்பியது.

வழி நெடுக அண்ணாச்சி இரண்டு கையாலும் தூக்குச்சட்டியைப் பொத்திக்கொண்டே வந்தார். பள்ளம் வந்தால் சட்டியை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தார். "கவலைப்படாதிய, எம்மவன மடியில வச்ச மாதிரி வச்சிருக்கேன்" என்றார். இறங்கும்போது, "மிச்சம் இருந்தா நமக்கும் ஒரு துண்டு அனுப்புங்க" என்றார்.

நான் ஓடினேன். வேட்டி நுனியில் சேறு. டாக்டர் வீட்டு வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது அவர் புட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சபாஷ்" என்றார். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்து வைத்துக் குனிந்தார்.

வெகுநேரம் குனிந்தே இருந்தார். ஆகஸ்டு, கத்தி, பை என்று மாறி மாறி மனசில் வந்துபோயின.

"வாங்க, வந்து பாருங்க" என்றார்.

குழாயில் கண்ணை வைத்தேன். வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவர் எதையோ திருகினார். வட்டத்துக்குள் கலங்கல் தெளிந்து, நடுவில் கண்ணாடி மாதிரி ஒன்று மெல்ல ஒரு கையை நீட்டியது. பிறகு உடம்பு முழுவதையும் அந்தக் கைக்குள் ஊற்றிக்கொண்டு நகர்ந்தது.

"போகுது! டாக்டர், போகுது!"

"போகும். உம்ம மவனோட ரத்தத்தைத் தின்னுட்டுப் போறான். உள்ளே சிவப்புப் புள்ளி தெரியுதா? இவன்தான். கத்தி வேண்டாம், பை வேண்டாம். போயிப் பையனக் கூட்டிட்டு வாங்க."

உலகத்தில் எந்தத் தகப்பனும் மகன் வயிற்றில் சீதபேதிக் கிருமி இருப்பதைக் கண்டு இப்படி ஆனந்தப்பட்டிருக்க மாட்டான். டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கம்பவுண்டரைக் கட்டிப்பிடித்தேன். வீட்டுக்கு வந்து தெருவிலிருந்தே, "இருக்கு! இருக்கு! உயிரோட இருக்கு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எனக்குப் பேரன் பிறந்துவிட்டதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவன் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். மனைவி அன்று கேசரி கிண்டினாள். பூச்சிக்குக் கேசரியா என்று கேட்டவர்களுக்கு, "ஆமா, பூச்சிக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

ஊசி போட்ட நாட்களில் படுக்கையை விட்டு எழக்கூடாது, அது இதயத்தைப் பாதிக்கும் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவன் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். "அப்பா, நீங்க பாக்கிற பார்வையிலதான் எனக்கு நெஞ்சு படபடங்குது" என்று துரத்துவான். நாள் ஆக ஆக இட்லி ஒன்று நாலானது. கன்னம் நிறைந்தது.

பின்னால் அவன் இங்கிலாந்து போய்ச் சொன்னதும், அந்த டாக்டர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டாராம். அவனோடு தங்கியிருந்த நம் நாட்டுப் பையன்களையும் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்து அறையிலேயே உட்கார வைத்தாராம். இன்னொருத்தனுக்கும் புழுவும் அமீபாவுமாக இரண்டு வகை இருந்தது. அவன் கத்தி வரை போகாமல் தப்பினான். ஆனால் இன்றும் மகனுடைய கடிதம் இரண்டு வாரம் தாமதித்தால் எனக்குச் சோறு இறங்காது.

மகன் கப்பல் ஏறுவதற்கு முன்பு டாக்டர் கடைசியாக ஒரு முறை சூடாகக் கேட்டார். கொண்டு போனேன். பல கண்ணாடித் துண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்றார்.

"நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்றேன்.

குனிந்து பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அந்த மூலை, இந்த மூலை என்று துருவினேன். எதுவும் கை நீட்டவில்லை, எதுவும் ஊர்ந்து போகவில்லை. திடீரென்று ஓரத்தில் கறுப்பாகக் கால்கால்களாக ஒன்று துடித்தது.

"டாக்டர்! இங்கன பாருங்க, அசையுது!"

அவர் வந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "அது உம்ம கண் இமை முடி சார்வாள். கண்ணைக் கொட்டாம பாரும்."

கொட்டாமல் பார்த்தேன். வெறும் வெளிச்சம். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.