சிவப்பு அடித்த பம்பு

மொரப்பூர் பக்கத்துக் கிராமத்தில் ஜாஸ்மின் நடத்தும் இளைஞர் குழு, ஊர் அடிபம்புத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தது. ஃப்ளோரைடு அதிகம், குடித்தால் பல் கறையாகும், எலும்பு வளையும். யாரும் குடிக்கக் கூடாது என்பதற்காகப் பம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள்.

மறுநாள் பார்த்தால் பம்பில் மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டியிருந்தது. குடங்களின் வரிசை முன்பைவிட நீண்டிருந்தது.

"அது ஆத்தாளோட கலருங்க. தண்ணி நல்லாருக்குன்னுதான் அடிச்சீங்கன்னு நெனச்சோம்," என்றார் வரிசையில் நின்ற விவசாயி சென்னப்பன்.

ஜாஸ்மினுக்குக் கோபம் தன்மேல்தான் வந்தது. ஊரில் ஒருவரையும் கேட்காமல் அடித்த பெயின்ட் அது.

வாயைக் கையால் மறைத்துப் பேசுவது அவளுக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். கல்லூரிப் படங்கள் எதிலும் அவள் சிரித்ததில்லை. அன்று போனை எதிரில் வைத்து வீடியோவை ஓடவிட்டாள். கையை இறக்கினாள்.

"என் பல்லைப் பாருங்க. பொறந்ததுல இருந்து நான் குடிச்சது இந்தப் பம்புத் தண்ணி. காத்துக் கெடந்தாவது புள்ளைங்களுக்குக் கொழாய்ல எப்பவாச்சும் வர்ற காவேரித் தண்ணியப் புடிச்சுக் குடுங்க."

வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் போனது. அடுத்த நாள் பம்படியில் நான்கே குடங்கள் இருந்தன. நான்கும் ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக் குடங்கள்.

அந்த நான்கு வாசலிலும் போய் நின்று, பல் தெரியச் சிரித்தாள் ஜாஸ்மின்.