ஸ்பீக்கர் மாட்ட வந்தவர்

எழுபதுகளில் டண்டினொங் என்ற வெளிநாட்டு ஊரில், கிடங்கை ஒட்டிய சிறிய அலுவலகமொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்த பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்ட ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்; நரைத்த புருவம், சாயம்போன நீலச் சட்டை. திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்ததால் காலை முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

என் தலைக்கு மேல் வயரை இணைத்து முடித்தபோது மேசையிலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். ஏணியில் நின்றபடியே திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

“தம்பி தமிழோ?”

“ஆமா சார்.”

“இது பாட்டுக்கு மட்டுமில்லை. மனேஜர் தன்ரை அறையில சுவிட்சைப் போட்டா, நீங்கள் இஞ்ச கதைக்கிறதெல்லாம் அவருக்குக் கேக்கும். அப்பிடித்தான் வயர் இழுக்கச் சொன்னவர்.”

யூனியனில் சேர்வதைப் பற்றி நானும் மற்ற ஊழியர்களும் என் மேசையைச் சுற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

“மெதுவாப் பேசுங்க சார், கேட்டுடப்போகுது.”

“கேக்கட்டும். தமிழ் அவருக்கு விளங்காது. நீங்கள் தமிழிலயே கதையுங்கோ.”

சிரிக்காமல் சொல்லிவிட்டுத் திருகாணிகளை மறுபடி கவ்விக்கொண்டார். மாலையில் ஏணியைத் தோளில் சாய்த்து, “போட்டு வாறன் தம்பி” என்று கிளம்பிவிட்டார்.

தமிழிலேயே பேசும்படி அவர் சொன்னது ஆறுதலுக்கா, கேலிக்கா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.