அம்மா கொடுக்காத பூ

அப்பா கொண்டுவந்த செடிக்கு மண் இல்லை, சட்டியும் இல்லை. லொறியின் முன் இருக்கையில் ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, நோயாளியைக் கூட்டிவருவதுபோல அதைக் கொண்டுவந்து இறக்கினார். சாக்கைப் பிரித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். தடித்த இலைகள் இரண்டு பக்கமும் விசிறிபோல நின்றன. கீழே வெளிறிய கயிறுகள் மாதிரி வேர்கள் என் இடுப்பளவுக்குத் தொங்கின. யாரோ பிடுங்கி எறிந்ததை அப்பா பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“இது ஓர்க்கிட். காத்தைக் குடிச்சே வாழுமாம்,” என்றார் அப்பா.

அப்பா நீர்வேலி வாழைக்குலைகளை லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோகிறவர். செடி வாங்கிய இடத்தில் அதை வளர்க்கும் முறையைச் சிங்களத்தில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் சிங்களம் டீசல் அடிக்கவும் குலை இறக்கவும் போதுமானது. ஆகவே செடிக்கு எவையெல்லாம் கூடாது என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருந்தது. மண் கூடாது, உச்சிவெயில் கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது. என்னதான் வேண்டும் என்று கேட்டால் கையை விரித்தார்.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. இணுவிலில் பெரியப்பா வீட்டின் பின்பக்கத்து அறையிலும் அதோடு ஒட்டிய குசினியிலும் நாங்கள் குடியிருந்தோம். சொந்த வீடு பாதிச் சுவரோடு நின்றிருந்தது. அறைக்குள் கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை, என் பாய். இவற்றுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் வழி. முற்றம் பெரியப்பாவின் வெங்காயத்துக்கும் வெயிலுக்கும் சொந்தம். அப்பா நாலு பக்கமும் பார்த்தார். யன்னலுக்கு முன்னால் கூரை வளையில் ஒரு கொளுக்கி இருந்தது. அதில் செடியை மாட்டிவிட்டார்.

அந்தக் கொளுக்கி, பிறக்கப்போகிற தம்பியை ஆட்ட ஏணை கட்டுவதற்காகப் போட்டது. சில கிழமைகளுக்கு முன் ஆசுபத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தார். தம்பி பிறந்தபோதே அவனுக்கு மூச்சு இருக்கவில்லை என்பதை நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள். அன்று எனக்குச் சொன்னதெல்லாம், “தம்பி வரேல்லை” என்பது மட்டும். கொழும்பிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் விடுகிற சொந்தக்காரர் எங்களுக்கு நிறையப் பேர் இருந்தார்கள். நானும் அதை அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டேன்.

அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அப்பா மெதுவாகக் கூப்பிட்டார்.

“இஞ்சரும், ஒருக்காத் திரும்பிப் பாருமன். உமக்கெண்டுதான் கொண்டந்தனான்.”

அம்மா திரும்பினார். கொளுக்கியைப் பார்த்தார், அதில் தொங்கியதைப் பார்த்தார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அப்பாவுக்குத் தான் செய்த காரியம் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கழற்றுவதற்காக அவசரமாகக் கையை உயர்த்தினார்.

“விடுங்கோ. கிடக்கட்டும்,” என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

அப்பா லொறியோடு போனபின் நான் செடிக்குக் கிணற்றுத் தண்ணீர் தெளித்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர், கேத்திலுக்குள் சுண்ணாம்புப் படை கட்டுகிற தண்ணீர். இலைகளில் வெள்ளைப் பொருக்குப் படிந்தது. வேர் நுனிகள் கறுத்தன. ஒரு நாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, “உது சாகப்போகுது பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

பிறகு மாரி தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்தால், மழைக்குள் அம்மா நிற்கிறார். தலையில் ஒரு துவாய். குசினியின் தகரக்கூரை ஒழுகும் ஓரமெல்லாம் வாளி, கிடாரம், சோற்றுப்பானை, கறிச்சட்டி. நான் வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டேன்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடிப்போய்க் குசினிக்கை கிடக்கிற பேசினை எடுத்தா!”

ஆசுபத்திரியிலிருந்து வந்தபின் அம்மா என்னிடம் இவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. ஏச்சு வாங்கிவிட்டு அவ்வளவு சந்தோசமாக நான் ஓடியதும் அதுதான் முதல் தடவை.

மழை விட்டதும் அம்மா ஈரத்துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். சலூன்காரர் தலைக்கு அடிப்பதுபோன்ற விசிறு போத்தல் ஒன்றில் மழைத்தண்ணீரை நிரப்பி, என்னைக் கட்டிலில் ஏறி நிற்கச் சொன்னார்.

“வேரைப் பார்.”

தண்ணீர் பட்ட இடத்தில் வேர் பச்சையாகியது. வெள்ளி நிறத்தில் காய்ந்து கிடந்த அந்தக் கயிற்றுக்குள் இத்தனை பச்சை எங்கே ஒளிந்திருந்தது? நுனியிலிருந்து மேலே மேலே அது பரவிக்கொண்டு போனது. அம்மா அடுத்த வேருக்கு அடித்தார். அதுவும் பச்சையாகியது. எனக்கு மூச்சுவிட மறந்துபோயிற்று.

“குடிக்குது, பாத்தியே?” என்றார் அம்மா. நித்திரையாகக் கிடக்கும் ஒருவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல அவ்வளவு மெல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு தண்ணீர். எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர், செடிக்கு, வாயில் துணியால் வேடு கட்டிய பீப்பாயில் மழைத்தண்ணீர். சோளகக் காற்று எழும்பி ஊரையே காய்ச்சிய மாதங்களில் அம்மா பழைய சேலையொன்றை நனைத்து யன்னலில் கட்டினார். அறை குளிர்ந்து கிடந்தது. மத்தியானங்களில் பெரியப்பா, செடியைப் பார்க்கிற சாட்டில் பேப்பரோடு வந்து எங்கள் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிடுவார். அந்த ஒற்றை அறைக்குள் யார் நடந்தாலும் வேர்கள் தலையைத் தடவின. அப்பா மட்டும் குனிந்து குனிந்து போனார்.

ஒரு நாள் இலைக்கவட்டில் புதிதாக ஒன்று முளைத்தது. இன்னொரு வேர் என்றே நினைத்தோம். ஆனால் வேரெல்லாம் கீழே போக, இது மேலே திரும்பியது. அம்மா அதைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதில் மொட்டுகள் பிடித்தன. ஒரு காலை நான் பாயில் கிடந்தபடி கண்ணைத் திறக்கிறேன், எனக்கு நேரே மேலே பூ விரிந்திருக்கிறது. நாவற்பழ நிறம். இதழ் முழுவதும் அதைவிடக் கடும் நிறத்தில் வலை. வெளிச்சம் அந்த வலைக்குள்ளால் என் பாயில் விழுவதாகத் தோன்றியது. எழும்பப் பயமாக இருந்தது. எழும்பினால் அது போய்விடும் என்று நினைத்தேன்.

ஊரே வந்து பார்த்தது. பிளாஸ்ரிக்கோ என்று சந்தேகப்பட்டு ஒருவர் நகத்தால் கிள்ளப் பார்க்க, அம்மா அவருடைய கையைப் பிடித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரியம்மா தலை தோய்ந்து, திருநீறு பூசி, பித்தளைத் தட்டத்தோடு வந்தார். அப்பாவும் வீட்டில் நின்றார்.

“முதல் பூவெல்லே பிள்ளை. கோயிலுக்குக் குடுத்திடுவம். நான் வெட்டட்டே?”

“வேண்டாம் அக்கா.”

பெரியம்மாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். தட்டத்தை நீட்டியபடியே நின்றார். அவருடைய வீட்டில் இருந்துகொண்டு யாரும் அவருக்கு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் கோயில் விசயத்தில்.

“என்ன கதை இது? முருகனுக்கு இல்லாத பூவே?”

“மற்ற எந்தப் பூவெண்டாலும் வெட்டுங்கோ. இதைக் குடுக்கமாட்டன்.”

“அவர் தந்ததை அவருக்குக் குடுக்கிறதுக்கு…”

“நான் முந்தியே குடுத்திட்டன் அக்கா,” என்றார் அம்மா. குரல் உயரவில்லை. “அதுக்கு மேலை என்னட்டை என்ன கேக்கிறார்?”

தட்டம் மெல்லக் கீழே இறங்கியது. பெரியம்மா அம்மாவின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு வெளியே போய், வேலியோரத்து நந்தியாவட்டையில் பூப்பறித்தார். அப்பா வெளியே போய், காலையில் கழுவிய லொறியை மறுபடி கழுவத் தொடங்கினார்.

சாமிக்கு இல்லையென்று சொன்ன ஒருவரை நான் அன்றுதான் பார்க்கிறேன், அது என் அம்மா. பெரியம்மாவோடு நானும் கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்தேன். அம்மா முந்தி என்ன கொடுத்தார்? திருவிழாவுக்குக் கொடுத்த இளநீர்க் குலையா? அதைச் சாமி மறந்திருந்தால் என்ன செய்வது?

திரை விலகி மணி அடித்தபோது கையைக் கூப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“முருகா, அம்மாவோடை கோவிக்காதேங்கோ. அவ முந்தியே குடுத்திட்டாவாம். என்னெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே.”

மனதுக்குள் சொல்வதாக நினைத்துச் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த பெரியம்மாவின் குரல் நடுவில் நின்றது. என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார். அவர் உடம்பு நடுங்கியது. சனநெரிசலில் என்னைத் தவறவிட்டுவிடுவார் என்று பயப்படுகிறார் போலும் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

“பயப்பிடாதேங்கோ பெரியம்மா,” என்றேன். “நான் துலையமாட்டன்.”